கூடையை இறக்கியும் குறையாத வலி

மலையகத்து நேயர்களுக்கு வணக்கம்.

டிஸ்பென்சரியில் "என்னம்மா செய்யுது?" என்று கேட்டால் அடிக்கடி காதில் விழுகிற பதில், "இடுப்பு வலிங்கய்யா." இடுப்பில் படங்குத் துணி கட்டி, கூடையை நெற்றியில் மாட்டி, சரிவில் நின்று கொழுந்து எடுக்கிற உடம்பு வலிக்காமல் என்ன செய்யும்? இந்த வலி பழகிப்போனதால், சிறுநீரக வலி வந்தாலும் அதையும் இதோடு சேர்த்துவிடுகிறோம்.

சிறுநீரகம் இருப்பது இடுப்புக்கு மேலே. கையைப் பின்னால் கொண்டுபோய்க் கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள். அந்த விலாவும் முதுகெலும்பும் சேரும் மூலை, பக்கத்துக்கு ஒன்று. அங்கே ஆழத்தில் ஒரு பக்கமாக வலித்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தசைவலி குனிந்தால் கூடும். கூடையை இறக்கிப் படுத்தால் பெரும்பாலும் தணியும். சிறுநீரக வலி எப்படித் திரும்பிப் படுத்தாலும் அப்படியே நிற்கும்.

சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்தால் வரும் வலி வேறு மாதிரி. விலாவில் கிளம்பி அடிவயிறு, தொடை இடுக்கு வரை இறங்கும், விட்டுவிட்டு முறுக்கும். முதுகு பிடித்தவர் அசையாமல் கிடப்பார். கல் அடைத்தவரோ இஸ்தோப்புத் திண்ணையில் இங்கும் அங்கும் நடப்பார், உட்காருவார், எழும்புவார், வாந்தி எடுப்பார். சிறுநீர் சிவந்தும் போகலாம். (முதல்நாள் பீட்ரூட் கறி சாப்பிட்டிருந்தாலும் சிவக்கும். ஆனால் பீட்ரூட்டுக்கு வலி வராது.)

எனக்கு அதிகம் பயம் தருவது கிருமித்தொற்றுதான். விலா வலியோடு காய்ச்சலும் உதறலும் வந்தால் "நுவரெலியாக் குளிர்" என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுக்காதீர்கள். முன்னதாக நீர்க்கடுப்பு இருந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குறைமாதப் பிரசவத்துக்கும் இது காரணமாகலாம்.

மலையில் ஒதுங்க இடமில்லை என்பதால் எத்தனையோ பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை, வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். தொற்றுக்கும் கல்லுக்கும் இது வழி விடுகிறது. இதைப் பெண்களின் அசட்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைத்தலத்தில் மலசலகூடம் கட்டாமல் "தண்ணீர் குடி" என்று புத்தி சொல்வது சுலபம்.

வலி மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் போன்றவற்றைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகமே கெடலாம். சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகும்போது பெரும்பாலும் வலியே இருக்காது. கால் வீங்குவதும் சிறுநீர் நுரைப்பதும்கூடப் பிந்தித்தான் தெரியலாம். அதனால் சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் வலிக்காகக் காத்திராமல், கிளினிக்கில் சிறுநீரையும், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினினை இரத்தத்திலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வைத்தியரிடம் "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எந்தப் பக்கம், எங்கே இறங்குகிறது, காய்ச்சல் உண்டா, சிறுநீர் என்ன நிறம் என்பதையும் சொல்லுங்கள். காய்ச்சலோடு வலி, தாங்க முடியாத வலி, சிறுநீர் அடியோடு நின்றுபோவது, இதில் எது நடுராத்திரியில் வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 1990-ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை. லயத்து வரைக்கும் வண்டி ஏறாத பாதை என்றால், நோயாளியை எந்தச் சந்திக்குக் கொண்டுவருவீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.