படித்தாலே மாறிவிடும் முகவரிகள்: என்இஎஸ் செயலியும் அதன் ரெஜிஸ்டர்களும்

வணக்கம் நண்பர்களே. நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெயரிலும், 1985இல் அமெரிக்காவில் என்இஎஸ் என்ற பெயரிலும் விற்பனைக்குக் கொண்டுவந்த விளையாட்டுக் கருவியின் செயலி (சிபியு), திரையில் படத்தை வரையும் படச் சில்லுடனும் கன்ட்ரோலருடனும் எப்படித் தொடர்பு கொள்கிறது என்பதை இந்தக் காணொளியில் விரிவாகப் பார்க்கப்போகிறோம். அதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கருவியில் சில முகவரிகளைப் படிப்பதே ஒரு செயல். நீங்கள் படித்த கணத்திலேயே உள்ளே ஏதோ ஒன்று மாறிவிடுகிறது. நினைவகத்தைப் படிப்பது என்றால் எட்டிப் பார்ப்பது மட்டும்தான் என்ற எண்ணத்துடன் இதற்கு நிரல் எழுத உட்காருபவர், முதல் நாளிலேயே திணறிப்போவார்.

இதில் உள்ள செயலி ரிக்கோ நிறுவனத்தின் 2ஏ03. அதன் மையத்தில் இருப்பது எம்ஓஎஸ் டெக்னாலஜியின் 6502 வடிவமைப்பு. இன்டெல் 8080, ஸைலாக் இசட்80 போன்ற செயலிகளில் வெளிக்கருவிகளுடன் பேசுவதற்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. 6502இல் அப்படி எதுவும் கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் 65,536 முகவரிகள். அவற்றில் எதையும் படிக்கலாம், எதிலும் எழுதலாம், அவ்வளவுதான். ஆகவே படச் சில்லின் எட்டு ரெஜிஸ்டர்களையும், அதாவது செயலி அதனுடன் பேசப் பயன்படும் ஒரு பைட் அளவுள்ள சிறு இடங்களையும், அந்த முகவரிகளுக்கு நடுவிலேயே, $2000 முதல் $2007 வரை அமர்த்திவிட்டார்கள் ($ குறி, எண் பதினாறடிமான முறையில் எழுதப்பட்டிருப்பதைக் காட்டுகிறது). ராமிலிருந்து ஒரு பைட்டை எடுக்கும் அதே எல்டிஏ கட்டளையும், ராமில் ஒரு பைட்டை வைக்கும் அதே எஸ்டிஏ கட்டளையும்தான் இங்கும் வேலை செய்கின்றன.

இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். முகவரியின் மேல் மூன்று பிட்டுகளைப் பார்த்து, இது படச் சில்லுக்கு உரியது என்று கருவி முடிவு செய்கிறது. அதன் பிறகு அந்தச் சில்லுக்குச் செல்வது கீழ் மூன்று பிட்டுகள் மட்டுமே. நடுவில் உள்ள பிட்டுகளை யாரும் பார்ப்பதில்லை. அதனால் $2008இல் எழுதினாலும் அது $2000இல் எழுதியதாகவே ஆகும். படச் சில்லுக்கென ஒதுங்கிய 8 கிலோபைட் பரப்பு முழுவதிலும் அதே எட்டு ரெஜிஸ்டர்கள் 1,024 முறை திரும்பத் திரும்பத் தோன்றுகின்றன.

இப்போது $2002க்கு வருவோம். இது நிலையைத் தெரிவிக்கும் ரெஜிஸ்டர். திரையில் ஒரு ஃபிரேம் வரைந்து முடிந்ததும், அடுத்த ஃபிரேம் தொடங்குவதற்கு முன் ஒரு சிறிய இடைவெளி கிடைக்கிறது. அமெரிக்க, ஜப்பானியக் கருவிகளில் இது திரையின் 20 கிடைக்கோடுகளை வரையும் நேரம், அதாவது செயலியின் கணக்கில் ஏறத்தாழ 2,270 கடிகாரச் சுழற்சிகள். திரை ஓடிக்கொண்டிருக்கும்போது படச் சில்லின் நினைவகத்தைத் தொட்டால் படம் சிதைந்துவிடும் என்பதால், பெரும்பாலான மாற்றங்களை இந்த இடைவெளிக்குள்தான் செய்து முடிக்க வேண்டும். இடைவெளி தொடங்கியதும் $2002இன் 7ஆம் பிட், அதாவது 0 முதல் எண்ணினால் மேல் முனையில் உள்ள பிட், 1 ஆகிறது.

திரையில் நிரலின் இரண்டே வரிகளைக் காட்டியிருக்கிறேன், கவனியுங்கள். முதல் வரி, $2002 மீது ‘பிட்’ (BIT) என்ற பெயருடைய கட்டளை. இரண்டாவது வரி, பிபிஎல் (BPL), அதாவது எதிர்மக் கொடி 0 என்றால் மேல் வரிக்கே திரும்பு. ‘பிட்’ கட்டளை 7ஆம் பிட்டை நேரடியாகச் செயலிக்குள் இருக்கும் எதிர்மக் கொடி என்ற ஒற்றை பிட்டுக்குக் கொண்டுபோய்விடுவதால், தனியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கொடி 0 ஆக இருக்கும்வரை சுற்றிக்கொண்டே இரு என்பதுதான் இதன் பொருள். கருவியை இயக்கியவுடன் இந்தச் சுற்று இரண்டு முறை அடுத்தடுத்து வருவதைப் பல விளையாட்டுகளில் காணலாம். மின்சாரம் வந்த பிறகு கிட்டத்தட்ட ஒரு ஃபிரேம் நேரத்துக்குப் படச் சில்லு சில ரெஜிஸ்டர்களில் எழுதுவதை ஏற்றுக்கொள்ளாது. அது தயாராகும்வரை காத்திருக்கும் வழிதான் அது.

ஆனால், படித்த மறுகணமே அந்த 7ஆம் பிட் 0 ஆகிவிடுகிறது. நிரலின் அடுத்த வரியில் மீண்டும் படித்தால் இடைவெளி தொடங்கவே இல்லை என்பது போன்ற பதில்தான் கிடைக்கும். இதைவிட நுட்பமான சிக்கலும் இருக்கிறது. பிட் 1 ஆகப் போகும் அதே நொடித்துளியில் நீங்கள் படித்துவிட்டால், உங்களுக்கு 0 கிடைக்கும். அதோடு அந்த ஃபிரேமுக்கு அது 1 ஆகாமலேயே போய்விடும். நீங்கள் பார்த்ததாலேயே அந்தச் செய்தி அழிந்துவிட்டது. ஒரு ஃபிரேம் முழுவதும் கை நழுவிப் போய்விடும். அதனால்தான் விளையாட்டு ஓடத் தொடங்கிய பிறகு, இந்தப் பிட்டை நம்பாமல், $2000இன் 7ஆம் பிட் வழியாக இன்டரப்ட்டை, அதாவது இடைவெளி தொடங்கியதும் செயலியைத் தானாகவே அழைக்கும் வசதியை, இயக்கி வைப்பது நல்ல வழக்கம்.

$2002ஐப் படிப்பதற்கு வேறொரு விளைவும் உண்டு. படச் சில்லுக்குத் தனி நினைவகம் இருக்கிறது. அதில் எந்த இடத்தில் எழுத வேண்டும் என்பதை $2006 வழியாகச் சொல்ல வேண்டும். முகவரி இரண்டு பைட் நீளம், ரெஜிஸ்டரோ ஒரு பைட் அகலம். ஆகவே ஒரே இடத்தில் இரண்டு முறை எழுதுகிறோம். திரையின் இடமேல் மூலையை 0, 0 என்று வைத்துக்கொண்டால், 8ஆம் கிடைவரிசை, 8ஆம் நெடுவரிசையில் உள்ள கட்டத்தின் (திரையை நிரப்பும் சிறு படத்துண்டு ஒன்றின் இடம்) முகவரி $2108. முதலில் $21, பிறகு $08 என்று எழுதுகிறோம். அடுத்து $2007இல் எழுதும், எந்தப் படத்துண்டு என்பதைக் குறிக்கும் எண் அந்த இடத்தில் போய் அமர்கிறது. முகவரியும் தானாகவே ஒன்று கூடி வலப்பக்கக் கட்டத்துக்கு நகர்ந்துவிடுகிறது. $2000இல் ஒரு பிட்டை மாற்றினால் ஒன்றுக்குப் பதில் 32 கூடி, நேர் கீழே உள்ள கட்டத்துக்குப் போகும்.

இது முதல் பைட்டா, இரண்டாவது பைட்டா என்பதைச் சில்லு ஓர் உள் பிட்டில் நினைவில் வைத்திருக்கிறது. திரையை நகர்த்தும் $2005க்கும் அதே பிட்தான். அது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டறிய வழியே இல்லை. $2002ஐப் படித்து அதைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர மட்டுமே முடியும். பழைய விளையாட்டுகளின் நிரலில், $2002இலிருந்து படித்த மதிப்பைப் பயன்படுத்தாமல் அப்படியே விட்டுவிடும் வரிகளைக் கண்டால், அவற்றைத் தேவையற்றவை என்று கருதிவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு $4016. கன்ட்ரோலருக்குள் 4021 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர், அதாவது பல பிட்டுகளை வைத்திருந்து ஒவ்வொன்றாக வெளியே தள்ளும் சில்லு, இருக்கிறது. $4016இல் 1 எழுதி, பிறகு 0 எழுதினால், அந்தக் கணத்தில் அழுத்தப்பட்டிருக்கும் பொத்தான்களின் நிலை அதில் உறைந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்ற வரிசையில் ஒரு பொத்தான் வெளியே வரும். எட்டும் முடிந்த பிறகு படித்தால், நிண்டெண்டோவின் கன்ட்ரோலர் 1 என்றே பதில் தரும்.

இங்கேதான் ஒரு வன்பொருள் குறை குறுக்கிடுகிறது. பதிவு செய்த ஒலித்துண்டுகளை இசைக்கும் சேனல், தனக்கு வேண்டிய பைட்டை எடுப்பதற்காகச் செயலியைச் சில சுழற்சிகள் நிறுத்தி வைக்கும். சரியாக $4016ஐப் படிக்கும்போது இது நேர்ந்தால், கன்ட்ரோலருக்கு அது கூடுதலாக ஒரு முறை படித்ததாகத் தெரியும். ஒரு பொத்தான் தவறிப்போய், மீதி எல்லாம் ஓரிடம் முன்னே வரும்; எட்டாவது இடத்தில் அந்தக் கடைசி 1 வந்து நிற்கும். விளையாடுபவர் தொடாமலேயே வலப்பக்கப் பொத்தான் அழுத்தப்பட்டதாக விளையாட்டு எடுத்துக்கொள்ளும். அதனால் பல விளையாட்டுகள், அடுத்தடுத்த இரண்டு முடிவுகள் ஒன்றாக வரும்வரை கன்ட்ரோலரைத் திரும்பத் திரும்பப் படிக்கின்றன.

எமுலேட்டர், அதாவது இந்தக் கருவியைப் போலவே கணினியில் நடந்துகொள்ளும் மென்பொருள், எழுத நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். இந்த முகவரிகளை ஓர் அணியின் (array) உறுப்புகளாக வைக்காமல், படிப்பதற்கு ஒரு செயற்கூறும் எழுதுவதற்கு ஒரு செயற்கூறும் அமையுங்கள். அத்துடன், நினைவகத்தைக் காட்டும் டீபக்கர் (பிழை தேடும் கருவி) சாளரத்துக்கு, எந்தப் பிட்டையும் தொடாமல் மதிப்பை மட்டும் தரும் மூன்றாவது வழி ஒன்றைத் தனியே எழுதுங்கள். இல்லையென்றால், அந்தச் சாளரம் $2002ஐப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் விளையாட்டு காத்திருந்த பிட்டை அதுவே அழித்துவிடும்; சாளரத்தை மூடினால் மட்டும் விளையாட்டு சரியாக ஓடும்.