இடையில் நிற்கிறவர்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். புள்ளிகள், அந்தப் புள்ளிகளை இணைக்கிற கோடுகள், ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போக எத்தனை கோடு தாண்ட வேண்டும் என்ற கணக்கு, இதுதான் என் பாடம். புள்ளி என்பதை மனிதர் என்றும், கோடு என்பதைப் பழக்கம் என்றும் வைத்துக்கொண்டால் வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். பல வருடம் வகுப்பில் நடத்திய அந்தப் பாடத்தை ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் என் தங்கையின் கணவர் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்ய வேண்டும், ரத்தம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றார்கள். ரிப்போர்ட்டில் ஓ பாசிட்டிவ் என்று இருந்தது. ஓ பாசிட்டிவ்தானே, தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள் என்று நாங்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. சாயங்காலம் ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கிருந்த லேப் டெக்னீஷியன், முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு, எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "நாலு ஓ குரூப் பை எடுத்துப் பொருத்திப் பார்த்துட்டேன் சார். ஒண்ணுகூட சேரலை. பாம்பே குரூப்பா இருக்கும்னு நினைக்கிறேன். இன்னொரு டெஸ்ட் போட்டுப் பார்த்துட்டு உறுதியாச் சொல்றேன்."

உறுதியாகிவிட்டது.

இந்த ரத்த வகையை 1952-இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவரோடு இருந்தவர்களும் கண்டறிந்து எழுதினார்கள். பெயர் அப்படி வந்ததுதான். ஏ, பி என்று நாம் சொல்கிற அடையாளங்கள் எல்லாம் 'எச்' என்ற ஓர் அடித்தளத்தின் மேல்தான் கட்டப்படுகின்றன. ஓ குரூப்காரர்களிடம் அந்த எச் மட்டும் நிறைய இருக்கும். பாம்பே குரூப்காரர்களிடம் அதுவும் இருக்காது. சாதாரண சோதனையில் ஓ மாதிரியே தெரிவார்கள். ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் உடம்பு அதை எதிரியாக எண்ணித் தாக்கும். தங்களைப் போலவே பாம்பே குரூப் உள்ளவர்களின் ரத்தம்தான் அவர்களுக்குச் சேரும். நம் நாட்டில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பார்கள். பெற்றவர்கள் இருவரிடமிருந்தும் வருவதால், உடன்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. மாப்பிள்ளைக்கு ஒரே ஓர் அண்ணன். சிவகாசியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்து கையை நீட்டினார். பொருந்தவில்லை.

என் தங்கை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து போனில் தட்டினாள். "அவசரம். பாம்பே ரத்தம் தேவை. அனைவருக்கும் பகிரவும்." கீழே அவள் நம்பர். சொந்தக்காரர்கள் குரூப், பள்ளிக்கூடத் தோழிகள் குரூப், தெருக் குரூப் என்று எல்லாவற்றிலும் போட்டாள். நானும் போட்டேன். ஒரு மணி நேரத்தில் எத்தனை ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு மனக்கணக்கு ஓடியது. கைகூப்பும் படங்கள் வந்தன, "பகிர்ந்துவிட்டேன்" என்ற பதில்கள் வந்தன. "நான் பாம்பேயில்தான் இருக்கிறேன், என்ன குரூப் வேண்டும்" என்று இரண்டு பேர் அக்கறையாகக் கேட்டார்கள். ரத்தம் மட்டும் வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடத்துக்குப் போய்விட்டு வருகிறேன்.

1967-இல் ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். பாஸ்டனில் வேலை பார்க்கிற ஒரு பங்குத் தரகர் இருக்கிறார். தூரத்து நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர்களிடமும் பாஸ்டன்காரர்கள் சிலரிடமும் ஆளுக்கு ஓர் உறையைக் கொடுத்து, இது அவர் கைக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்வார்கள். அவரை நேரடியாகத் தெரியாதென்றால், தெரிந்திருக்க வாய்ப்புள்ள ஒரு பழக்கக்காரரிடம் அனுப்ப வேண்டும். அவர் இன்னொருவரிடம். இப்படியே கைமாறிப் போக வேண்டும். 1969-இல் மில்கிராம் டிராவர்ஸ் என்பவரோடு சேர்ந்து முழு விவரத்தையும் வெளியிட்டார். போய்ச் சேர்ந்த உறைகள் இடையில் சராசரியாக 5.2 பேர் கை மாறியிருந்தன. உலகத்தில் யாரும் யாரிடமிருந்தும் ஆறு படி தூரம்தான் என்ற பேச்சு இதிலிருந்துதான் பரவியது.

சமூக வலைத்தளங்கள் வந்ததும் இந்த எண் இன்னும் சுருங்கியது. 2011-இல் பேஸ்புக்கில் இருந்த 72 கோடிப் பேரையும் வைத்துக் கணக்குப் போட்டபோது, ஏதாவது இரண்டு பேருக்கு நடுவே சராசரியாக 3.74 பேர் இருந்தார்கள். 2016-இல் 159 கோடிப் பேர் ஆனபோது அது 3.57 ஆனது. கூட்டம் இரண்டு மடங்கானாலும் தூரம் குறைந்திருக்கிறது! இந்த எண்ணைப் போர்டில் எழுதும்போது மாணவர்களின் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

நான் வேகமாகக் கடந்துபோன எண் வேறு. மில்கிராமின் சோதனையில் 296 பேரைத் தொடங்கச் சொன்னார்கள். தரகரிடம் போய்ச் சேர்ந்தவை 64 உறைகள். மீதி 232 கிளம்பாமலோ, வழியில் எங்கோவோ நின்றுவிட்டன. 2003-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதையே மின்னஞ்சலில் செய்து பார்த்தார்கள். 13 நாடுகளில் 18 பேரை இலக்காக வைத்தார்கள். 24,163 சங்கிலிகள் தொடங்கின, 384 மட்டுமே முடிவை எட்டின. ஏன் மேலே அனுப்பவில்லை என்று நிறுத்தியவர்களையே கேட்டார்கள். யாருக்கு அனுப்புவதென்று தெரியவில்லை என்று சொன்னவர்கள் மிக மிகச் சிலர். அதாவது வழி இருந்தது. இடையில் நின்றவருக்கு அது பெரிய காரியமாகப் படவில்லை, அவ்வளவுதான். வராந்தாவில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த 232 உறைகள்தான் ஞாபகம் வந்தன. என் பாடத்தில் கோடு என்றால் கோடு. அது இருந்தால் போதும். நிஜத்தில் ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒருவர் நிற்கிறார். அவர் அசைந்தால்தான் அது கோடு.

சரி, அன்று ராத்திரிக்கு வருகிறேன். ஒன்பது மணிக்கு ஷிப்ட் முடிந்து கிளம்பிய அந்த லேப் பெண் எங்களைப் பார்த்து நின்றார். தங்கையின் போனை வாங்கிப் படித்தார். "இப்படிப் போட்டா வேலைக்காகாதுக்கா. தேதி போடுங்க. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை யூனிட், எப்ப வரைக்கும் தேவைன்னு போடுங்க. ஓ குரூப் சேராதுன்னும் எழுதுங்க. அப்புறம், யாருக்கு அனுப்பினாலும் போன் போட்டு வாயாலயும் ஒரு தடவை சொல்லுங்க" என்றார். எத்தனை குடும்பங்களை அந்தப் பெஞ்சில் பார்த்திருப்பாரோ. புதிதாக ஒரு செய்தி எழுதி, ஆளுக்குப் பாதியாக நம்பர்களைப் பிரித்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தோம்.

நான் கூப்பிட்டவர்களில் ஒருவன் என் பழைய மாணவன், கோயம்புத்தூரில் ஒரு மில்லில் வேலை. பன்னிரண்டு வருடம் அவனோடு நான் பேசியதே இல்லை. அவன் குழந்தையின் பிறந்தநாள் படத்தை ஸ்டேட்டஸில் பார்ப்பேன், அவன் என் வீட்டு மாடித்தோட்டப் படத்தைப் பார்ப்பான். அவ்வளவு பழக்கம். அவன் தன் மனைவியிடம் சொன்னான். அந்தப் பெண் யோசித்து, தான் சேலை வாங்குகிற ஈரோட்டு அக்காவைக் கூப்பிட்டாள். வீட்டில் இருந்தபடியே வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறவர் அவர். ஊர் ஊருக்கு வாடிக்கையாளர்கள். சேலைப் படம் போடுகிற பட்டியலில் எங்கள் செய்தியைப் போட்டார். அதோடு நிற்காமல், யார் வீட்டில் ரத்ததானம் செய்கிறவர்கள் உண்டு என்று தனக்குத் தெரிந்த வரைக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தார். கரூரில் ஒரு வாடிக்கையாளர், "என் தம்பிக்கு என்னவோ அபூர்வ குரூப்புன்னு முகாம்ல சொன்னாங்க" என்றார். தம்பி பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். காலை ஐந்தரைக்கு மதுரையில் பஸ்ஸைவிட்டு இறங்கினார். பட்டறை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தார், சட்டைக் கையில் சின்னச் சின்னதாய்த் தீப்பொறி பட்ட ஓட்டைகள்.

ஒரு யூனிட் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் ஆபரேஷனை முடித்தார்.

பிறகு ஒரு வாரம் கழித்து அந்தச் சங்கிலியை ஒவ்வொரு ஆளாகக் கூப்பிட்டு நன்றி சொல்லிக்கொண்டே பின்னோக்கிப் போனேன். எனக்கும் கரூர் தம்பிக்கும் நடுவே நாலு பேர். கணக்கு சொல்வதும் கிட்டத்தட்ட அதைத்தான். அதில் எனக்கு நெருங்கியவர் ஒருவர்கூட இல்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் இதை எழுதியிருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 100-க்கு ஏறக்குறைய 17 பேர்தான். எப்போதாவது என்றவர்கள் 56 பேர், அபூர்வமாக என்றவர்கள் 28 பேர். காரணம் எளிது. நமக்கு நெருங்கினவர்களுக்குத் தெரிந்த ஆட்களை நமக்கும் தெரியும். நமக்குத் தெரியாத உலகத்துக்குக் கதவு வைத்திருக்கிறவர் முகப்பழக்கம் மட்டும் உள்ளவர்தான்.

அந்த முகப்பழக்கம் முன்பெல்லாம் தானாகவே அழிந்துபோகும். கல்லூரி முடிந்தால் மாணவன் போய்விடுவான், வீடு மாறினால் பழைய தெரு போய்விடும். ஐந்தாறு வருடத்தில் முகவரி மறந்துவிடும். இப்போது அது அழிவதில்லை. மங்கலாக, பென்சில் கோடு மாதிரி, இருந்துகொண்டே இருக்கிறது. சமூக வலைத்தளம் நம்மை நெருக்கமாக்குகிறது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் மாணவனும் நானும் இன்றைக்கும் நெருக்கமில்லை. அழிந்திருக்க வேண்டிய ஒரு கோட்டை அது அழியவிடாமல் வைத்திருந்தது. அந்தக் கோட்டின் மேல் ஒருநாள் நாங்கள் நடக்க முடிந்தது. எனக்கு அதுவே பெரிது.

ஈரோட்டு அக்காவைப் பற்றி இன்னொரு விஷயம். மில்கிராமின் தரகர் ஷாரன் என்ற சிற்றூரில் குடியிருந்தார். அந்த 64 உறைகளில் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தவை 24. அவற்றில் 16-ஐ ஒரே ஒருவர்தான் கொண்டுவந்து சேர்த்தார். அவர் அந்த ஊரில் ஒரு துணிக்கடைக்காரர்! கடல் கடந்த ஓர் ஊரில், அறுபதுகளில், ஒரு துணிக்கடைக்காரர். இங்கே நம் காலத்தில் சேலை விற்கிற ஓர் அக்கா. வாங்க வருகிறவர்களின் வீட்டு விசேஷம், அண்ணன் தம்பி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் இவர்களுக்குத் தெரியும். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார், யோசித்துப் பாருங்கள். டெய்லராக இருக்கலாம், பூக்காரம்மாவாக இருக்கலாம்.

இதே குறுகிய வழியில் வேறொன்றும் ஓடியது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் ஒரு கிராமம். குலதெய்வம் கோயிலுக்குப் போகிற குடும்பம் ஒன்று காரை நிறுத்தி வழி கேட்டது. அதில் வந்த 65 வயதுப் பெண்மணி அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி அதற்கு முன்பே அந்தப் பக்கத்து போன்களுக்கு வந்துவிட்டிருந்தது. கூட்டம் அடித்ததில் அவர் இறந்துபோனார். நாட்டின் பல ஊர்களில் அந்த வருடம் இப்படி நடந்து, ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. நேரில், கை எட்டுகிற தூரத்தில் நின்று வழி கேட்டவரைவிட, எங்கிருந்தோ எத்தனையோ கை மாறி வந்த பொய் அந்த மக்களுக்குப் பக்கமாக இருந்திருக்கிறது. கை மாற்றிய அத்தனை பேரில் ஒருவராவது, இது உண்மையா என்று தனக்கு அனுப்பினவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அது அங்கேயே நின்றிருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

தங்கை முதலில் போட்ட செய்தி இருக்கிறதே, தேதி இல்லாத செய்தி, அது இன்னும் நிற்கவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை யாராவது கூப்பிடுகிறார்கள். நம்பரை மாற்றிவிடு என்றேன், மாட்டேன் என்றுவிட்டாள். போன மாதம் நான் அவள் வீட்டில் இருந்தபோதே ஓர் அழைப்பு வந்தது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர். "இப்பத்தான் மெசேஜைப் பார்த்தேன் மோளே, ரத்தம் கிடைச்சாச்சா?" என்று கேட்டார். கிடைத்துவிட்டது ஐயா, மூன்று வருடம் ஆகிவிட்டது என்று அவள் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டார்: "ஆளு இப்ப சுகமா இருக்காரா?"

தங்கை எழுந்துபோய்ப் போனை மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். அவர் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, யாரென்றே தெரியாத அந்தப் பெரியவரோடு பேச ஆரம்பித்தார்.