சிம்பாவின் மொய் நோட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ஜாவா என்றதும் நம் மனக்கண்ணில் வருவது தண்ணீர் நிற்கும் படிக்கட்டு வயல்தான். நான் இன்று சொல்ல வந்திருக்கும் ஊரில் அந்த வயல் கிடையாது. யோக்யகார்த்தா நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் வொனோசாரி என்ற ஊர் இருக்கிறது. குனுங் கிடுல் மாவட்டத்தின் தலைநகர் அது. அங்கிருந்து கடலை நோக்கிப் போகும் பாதையில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு இடையே ஒரு குக்கிராமம். வேளாண்மை படித்த காலத்தில் அங்கே ஒரு விவசாயி வீட்டில் ஒரு கோடையும் அதை அடுத்த மழைக்காலமும் தங்கியிருந்தேன்.

போவது எளிதாக இல்லை. பெரிய பேருந்து பாதுக் மலையேற்றத்தில் முனகிக்கொண்டே ஏறும். வொனோசாரியில் இறங்கிச் சிற்றுந்து பிடிக்க வேண்டும். அது நின்றுவிடும் இடத்திலிருந்து வாடகை மோட்டார் சைக்கிள், ஓஜெக் என்பார்கள். ஊர் எல்லையில் ஒரு பலகை: விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். தெருத் தலைவர் என் பெயரைக் கேட்டு, எழுதி, தேநீர் கொடுத்து அனுப்பினார். அதன்பின் நான் எங்கே நடந்தாலும் திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும்: "திண்டாக் புண்டி?" எங்கே போகிறீர்கள் என்று அர்த்தம். விவரமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. சிரித்து, "அப்படியே அந்தப் பக்கம்" என்றால் போதும். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. பிறகு ஒருநாள் யாரும் கேட்காதபோது மனசு வாடிவிட்டது.

வீட்டுக்காரப் பாட்டியை எல்லோரும் சிம்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டி, தாத்தா இருவருக்கும் அங்கே அதே சொல்தான். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அந்த மண்ணில் தண்ணீர்தான் துயரம். பெய்கிற மழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, பூமிக்கடியில் ஆறாக ஓடிக் கடலில் சேர்ந்துவிடும். மேலே குளங்கள் சில உண்டு, கோடையில் வற்றும். வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அதுவும் தீர்ந்தால் லாரித் தண்ணீர். தண்ணீர் வாங்க ஆட்டை விற்றவர்களை நான் பார்த்தேன்.

எனவே எல்லாம் மானாவாரிதான். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் மேட்டு நெல்லை விதைத்துவிடுவார்கள். நம் ஊரில் புழுதி விதைப்பு என்பதை அவர்கள் ஙாவு-ஆவு என்பார்கள். கூடவே சோளம், நிலக்கடலை, வரப்பில் மரவள்ளி. ஜாவாக்காரர்களின் பயிர்ப் பஞ்சாங்கம் ஜூன் 22ஆம் தேதி தொடங்கி ஆண்டைப் பன்னிரண்டு பருவமாகப் பிரிக்கிறது. மூன்றாம் பருவத்துக்கு "பிள்ளை தந்தையின் வழி நடக்கும்" என்று ஒரு அடைமொழி. காட்டுக் கொடிகள் கொம்பைப் பற்றி ஏறும் நாள்கள் அவை. சிம்பா கொடியைப் பார்த்த பிறகுதான் விதை நெல் வைத்திருந்த குதிரின் மூடியைத் திறந்தார். வானிலை அறிக்கையைக் கைப்பேசியில் பேரன் படித்துக் காட்டினான். அதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

ஆகஸ்டில் ஊர் முழுக்க வெள்ளையாக இருக்கும். தோலுரித்த மரவள்ளியைக் கூரையிலும் பாறையிலும் காயப்போடுவார்கள். காய்ந்த கிழங்குக்குப் பெயர் கப்லெக். அதை இடித்து மாவாக்கி ஆவியில் வேகவைத்தால் தீவுல். ஒரு காலத்தில் அரிசி வாங்க வழியில்லாதவர்களின் சோறு அது. இன்று யோக்யகார்த்தாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கட்டி வாங்கிப்போகிறார்கள்.

சொத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்த உரையே.

இந்தோனேசியாவின் அடிப்படை நிலச் சட்டம் 1960இல் வந்தது. முழு உரிமையான ஹாக் மிலிக் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டவர் பெயரில் பதிய முடியாது. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம், ஒவ்வொரு விவசாயக் குடும்பத்துக்கும் குறைந்தது 2 ஹெக்டேராவது கிடைக்க அரசு முயல வேண்டும் என்றது. 60 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அரை ஹெக்டேர்கூட இல்லாத விவசாயிக்கு அங்கே தனிச் சொல்லே இருக்கிறது: குரெம். கோழிப்பேன் என்று பொருள். சிம்பா வீடும் குரெம் வீடுதான். மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஒருவருக்கு என்ன மிஞ்சும்? பங்கு பிரிக்க "ஒரு காவடி, ஒரு இடுப்புச் சுமை" என்று பழைய வழக்கு உண்டு. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. சிம்பா சமமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். கேட்டபோது, "மூவரும் என் வயிற்றில் பத்து மாதம்தானே இருந்தார்கள்" என்றார்.

பலருடைய நிலத்துக்கு ஊர் அலுவலகத்தில் இருக்கும் லெட்டர் சே என்ற பழைய பதிவேடுதான் நெடுங்காலம் ஆதாரமாக இருந்தது. 2017 முதல் அரசு கிராமம் கிராமமாக அளந்து சான்றிதழ் கொடுத்துவருகிறது. நல்ல காரியம். ஆனால் அந்தத் தாளில் ஏறாத சொத்துதான் ஊரைத் தாங்குகிறது என்று எனக்குத் தோன்றியது.

முதலாவது, வேலியோரத் தேக்கு. 1960களில் மொட்டையாகக் கிடந்த குன்றுகள் இவை. இன்று வீட்டுக்கு வீடு தேக்கு. பிள்ளை மேல்படிப்புக்குப் போகும்போது ஒரு மரம், ஆபரேஷனுக்கு ஒரு மரம். விலை ஏறட்டும் என்று காத்திருக்க முடியாது. தெபாங் பூத்து என்பார்கள், தேவைக்கு வெட்டு என்று. அடுத்தது மாடு. சொந்தமாக வாங்க முடியாதவர் அடுத்தவர் மாட்டை வாரத்துக்கு வளர்த்து, கன்றில் பங்கு பெறுவார்.

இரவானால் வாசலில் ஒரு சின்ன டப்பா தொங்கும். அதில் பிடியரிசி. காவல் சுற்றும் ஆண்கள் மூங்கில் குழாயைத் தட்டிக்கொண்டு வந்து அதை எடுத்துப்போவார்கள். ஜிம்பிதான் என்று பெயர். ஊர்ப் பொதுச் செலவுக்கு அது. டப்பா காலியாக இருந்தால், உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று கதவைத் தட்டுவார்கள், அரிசி போட மறந்திருந்தாலும் அதே கதைதான்.

எல்லாவற்றுக்கும் மேல், உழைப்பு. ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் பெண்கள் நான்கு நாள் முன்பே சமையலுக்கு வந்துவிடுவார்கள். கூரை மாற்ற ஆண்கள் வருவார்கள். கூலி கிடையாது, ஆனால் கணக்கு உண்டு. யார் வந்தார், யார் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் சிம்பா தகரப் பெட்டியிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் காட்டினார். மொய் நோட்டு! அரிசி இத்தனை கிலோ, சர்க்கரை இத்தனை, தேங்காய் இத்தனை. திருப்பிச் செய்ததும் அந்த வரிமேல் கோடு.

இப்போது தெற்குக் கடலோரமாகப் புதிய நெடுஞ்சாலை வந்திருக்கிறது. நிலத்தின் விலை ஏறிவிட்டது. பக்கத்துக் குடும்பம் ஒன்று விற்றுவிட்டு ஜகார்த்தாவுக்குப் போனது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் லாரிக்கு ஆட்டை விற்றவர்களும் அவர்கள்தான். விவசாய நிலத்தை அதே வட்டத்திலோ அதை ஒட்டிய வட்டத்திலோ வசிப்பவர்தான் வைத்திருக்க வேண்டும் என்று 1961இலேயே விதி உண்டு. இருந்தும் நிலம் நகரத்துக் கைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வாங்குகிறவர் நிலத்துக்கும் மரத்துக்கும் விலை தருகிறார். அந்த வீட்டார் நாற்பது வருடமாக மற்ற வீடுகளுக்குப் போய்ச் செய்த வேலைக்கு யார் விலை தருவது?

நான் கிளம்புவதற்கு முந்திய இரவு சிம்பாவின் நோட்டை இன்னொரு முறை புரட்டினேன். அந்தக் குடும்பத்தின் பெயரில் ஒரு வரி கோடு போடாமல் இருந்தது. பத்து கிலோ அரிசி, பத்துத் தேங்காய். சிம்பா அவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது. "அவர்கள்தான் போய்விட்டார்களே" என்றேன்.

"அவர்கள் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை" என்று சொல்லி, நோட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

வணக்கம்.