கிரான்பெரி ஊறுகாய், சுங்கை சிப்புட் அடுப்பில்

வணக்கம். இதோ, என் உள்ளங்கையில் இருக்கும் இந்தச் சின்னச் சிவப்புப் பழம்தான் கிரான்பெரி. இங்கே மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு பேரங்காடியில், உறைந்த பழங்கள் இருக்கும் பெட்டியில் கிடைத்தது. இரண்டாக நறுக்கிக் காட்டுகிறேன், பாருங்கள். நடுவில் நான்கு குழி தெரிகிறதா? அத்தனையும் காற்று. அமெரிக்காவில், அதிலும் அந்நாட்டு விளைச்சலில் பாதிக்கு மேல் தருகிற விஸ்கான்சின் மாநிலத்தில், அறுவடைக்கு வயலில் தண்ணீரைக் கட்டிக் கொடியைக் கலைத்து விடுவார்கள். இந்தக் காற்றால்தான் பழமெல்லாம் மிதந்து வரும்.

"செடி வாங்கி வைக்கலாமா அக்கா?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வெயில் ஊரிலும் காய்க்கும் என்று விற்றவர் சொன்னதை நம்பி, இணையத்தில் நானும் ஒன்று வாங்கினேன். புளிப்பு மண் கேட்கும் என்று பீட் மண் போட்டேன், மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றினேன். ஒரு பூகூட வைக்காமல் கருகிவிட்டது. மனசே ஆறவில்லை. குளிர்காலம் முழுக்கத் தூங்கி எழுந்தால்தான் அந்தக் கொடி பூக்கும். நம் ஊரில் விடியற்காலையில்கூட மின்விசிறி ஓடுகிறதே, அந்தக் குளிருக்கு எங்கே போவது?

காய்ந்த கிரான்பெரியில் பெரும்பாலும் சீனி சேர்த்திருப்பார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள். கேக்குக்குச் சரி, ஊறுகாய்க்கு ஆகாது.

சரி, சமையலுக்கு வருவோம். 250 கிராம் பழம். உறைந்தது முழுக்க இளகட்டும், ஈரம் போகத் துணியில் ஒற்றி எடுங்கள். அப்படியே போட்டால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், அப்புறம் பழம். கேட்கிறதா, பட் பட்டென்று? தோல் வெடிக்கிறது. மிளகாய்த்தூள், உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம் போட்டு, குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம் ஒரு சிறு துண்டு சேருங்கள். புளி வேண்டாம், பழத்தின் புளிப்பே தாராளம். கிண்டக் கிண்ட அதுவே கெட்டியாகும், ஜாமைக் கெட்டியாக்குகிற பெக்டின் என்ற பழச்சத்து இதில் அதிகம். எண்ணெய் ஓரத்தில் பிரிந்ததும் இறக்கிவிடுங்கள்.

அம்மா ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "தோட்டத்துல இருந்தப்ப ரோசல்ல இப்படித்தான் செய்வோம்" என்றார். உண்மைதான், ரோசல் செம்பருத்தி வகைச் செடி, காயைச் சுற்றிய அதன் தடித்த இதழுக்கும் அதே சிவப்பு, கிட்டத்தட்ட அதே புளிப்பு. ரோசல் நம் மண்ணில் தாராளமாக வளரும், விதை போட்டாலே போதும். வேலி ஓரத்தில் நேற்று நான்கு விதை ஊன்றியிருக்கிறேன். காய்த்ததும் இதே சட்டியில் செய்து காட்டுகிறேன்.