லிகெட்டியின் முதல் துண்டில் ஒரே ஸ்வரம்தானா?

அடுத்த கேள்வி. "ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டியின் 'மூசிகா ரிச்செர்காட்டா' என்ற பியானோ தொகுப்பைக் கேட்டேன். முதல் துண்டில் 'ஏ' என்ற ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். கீபோர்டு வகுப்புக்குப் போகும் என் பையனே இதை வாசித்துவிடுவான். இதில் அப்படி என்ன இருக்கிறது?"

சரி, முதலில் ஒரு சின்னத் திருத்தம். அதில் ஒரு ஸ்வரம் இல்லை, இரண்டு. இரண்டாவது கடைசியில்தான் வருகிறது. அதற்குள் நீங்கள் நிறுத்திவிட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

இது 1951-லிருந்து 1953 வரை ஹங்கேரியில் எழுதப்பட்டது. ஸ்டாலின் காலம். மேற்கே புதிதாக என்ன எழுதுகிறார்கள் என்பதே உள்ளே வராது. இசையமைப்பாளர் பார்டோக் அந்த நாட்டுக்காரர்தான், ஆனாலும் அவருடைய கரடுமுரடான படைப்புகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். லிகெட்டி புடாபெஸ்டில் லிஸ்ட் அகாடமி என்ற இசைக் கல்லூரியில் ஹார்மனி (ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்க வைப்பது), கவுன்டர்பாயின்ட் (பல மெட்டுகளை ஒன்றாகப் பின்னுவது) எல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி விஷயங்களை எழுதி, தடை வரும் என்று மேஜை டிராயருக்குள் போட்டுவிடுவார். பாடம் கேட்க வெளியே யாரும் இல்லாததால் தனக்குத்தானே பாடம் வைத்துக்கொண்டார். ஒரு ஸ்வரத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? இன்னொன்று சேர்த்தால்? மொத்தம் 11 துண்டுகள். முதலாவதில் 2 ஸ்வரம், அடுத்ததில் 3, இப்படியே ஒவ்வொன்றாகக் கூடி, பதினொன்றாவதில் பன்னிரண்டும் வந்துவிடும். எந்த ஸ்தாயியில் வந்தாலும் ஒரே ஸ்வரம் என்பது கணக்கு.

அப்புறம் அந்த 'ஏ'. மெட்டு போய்விட்டது, ஹார்மனி போய்விட்டது. கையில் மிச்சம் தாளம், ஸ்தாயி, சத்தம், வேகம். இதோ கேளுங்கள். (வாசிக்கிறார்) கீழே அடித்தால் முரசு மாதிரி அதிர்கிறது. இதையே மேலே அடித்தால், (வாசிக்கிறார்) கண்ணாடியைத் தட்டின மாதிரி இருக்கிறது. பெயர் ஒன்றுதான், குரல் வேறு. இடது கை அடியில் ஒரு நடையைப் பிடித்துக்கொண்டு போகும். வலது கை அதற்குக் குறுக்கே விழும். போகப் போக வேகம் கூடி, கடைசியில் தலைதெறிக்க ஓடும். தனி ஆவர்த்தனத்தில் ராகம் எங்கே என்று நாம் கேட்பதில்லையே.

இவ்வளவு நேரம் கேட்டுக் கேட்டு உங்கள் காது 'ஏ'-வை ஷட்ஜமாக எடுத்துக்கொண்டிருக்கும். வேறு எதுவும் இல்லாதபோது அதுதானே வீடு? அப்போது 'டி' விழுகிறது. (வாசிக்கிறார்) கேட்டீர்களா? வீடு இங்கே இருக்கிறது. இத்தனை நேரம் ஸ என்று நாம் நம்பிக்கொண்டிருந்தது ப. மேற்கத்திய இசைக் கணக்கில், டாமினன்ட் என்கிற பஞ்சமத்திலிருந்து டானிக் என்கிற ஷட்ஜமத்துக்கு வந்தாயிற்று. முழுத் துண்டையும் பின்னாலிருந்து திருத்தி எழுதுகிற ஒரு ஸ்வரம் அது. எனக்கு இந்தத் தொகுப்பிலேயே பிடித்த இடம் இதுதான். பழைய இத்தாலிய இசையமைப்பாளர் பிரெஸ்கோபால்டிக்கு வணக்கம் சொல்கிற கடைசி ஃபியூக் (ஒரே மெட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பல குரல்களில் நுழையும் வடிவம்) புத்திசாலித்தனமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த அளவுக்கு என்னை அது தூக்கிப் போடவில்லை.

இரண்டாவது துண்டை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். 1999-இல் ஸ்டான்லி குப்ரிக் 'ஐஸ் வைட் ஷட்' படத்தில் வைத்தார். பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்வரங்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் மூன்றாவது ஸ்வரம் ஆணி அடிக்கிற மாதிரி இறங்கும். அது ஸ்டாலின் நெஞ்சில் இறங்கும் கத்தி என்று லிகெட்டியே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

டிராயருக்குள் போட்டது வீண்பயம் இல்லை. இதிலிருந்து ஆறு துண்டுகளை ஐந்து காற்று வாத்தியங்களுக்கு மாற்றி எழுதினார். 1956-இல் புடாபெஸ்டில் அதை வாசித்தபோது ஐந்து துண்டுகள்தான் மேடை ஏறின. ஆறாவதில் அரை ஸ்வர உரசல், அதாவது பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் மோதுவது, அதிகமாம். அந்த வருடக் கடைசியில் அவர் எல்லை தாண்டி வியன்னாவுக்குத் தப்பிப் போனார். பியானோ தொகுப்பு முழுதாக அரங்கேறியது 1969-இல், ஸ்வீடனில்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். தாராளமாக வாசிக்கட்டும். மெதுவாகப் போகும் முதல் பாதி அவனுக்கு வந்துவிடும். அந்தக் கடைசி ஓட்டத்தில் கை திணறும், அது பரவாயில்லை. ஏழாவது துண்டை மட்டும் இப்போது கொடுக்காதீர்கள். இடது கை ஏழு ஸ்வரத்தைச் சக்கரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்க, வலது கை அதைக் கண்டுகொள்ளாமல் நிதானமாகப் பாட வேண்டும். எனக்கே அது இன்னும் சரியாக வரவில்லை.