ஸ்டீவி வொண்டரும் நம் நூலகத்து மாடி அறையும்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதை, கேட்டவர்களின் வற்புறுத்தலால் எழுதிக் கொடுத்தது)

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, வேறொரு கூட்டம் இருந்தும் கடைசிவரை இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் பேச வைத்திருந்ததில் பாதியைப் பேசிவிட்ட இசைக் கல்லூரிப் பேராசிரியை அவர்களே, நாற்காலி கொடுத்து உதவிய வணிகர் சங்கத்து அன்பர்களே, முன்வரிசையில் வெள்ளைக் கோலோடு உட்கார்ந்திருக்கும் எங்கள் தமிழாசிரியர் ஐயா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று போன வருஷமே சொன்னேன். இந்த முறை இரண்டையும் கொடுத்துவிட்டார்கள். சரி, அன்பை மறுக்கக் கூடாது.

இன்றைக்குத் தலைப்பு, பார்வையற்ற அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர். மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று அவர் பாட்டு, இரண்டு அவர் அரசியல், மூன்று அவர் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம்.

1950 மே 13, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சாகினா என்ற ஊர். குறைமாதத்தில் பிறந்த குழந்தை. இங்குபேட்டரில் வைத்தார்கள். உயிரைக் காப்பாற்றிய அதே ஆக்ஸிஜன் அளவு மிஞ்சிக் கண்ணைப் பறித்துவிட்டது. குடும்பம் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. 11 வயதில் அந்த ஊரின் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி பையனை ஒப்பந்தம் செய்தது. பெயருக்கு முன்னால் 'லிட்டில்' என்று ஒட்டி விட்டார்கள். நம் ஊரில் 'மாஸ்டர்' என்று போடுவோமே, அந்த மாதிரி.

இப்போது ஒரு கதை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், இதை நான் விடப் போவதில்லை. 1962, சிகாகோவில் ரீகல் தியேட்டர். கம்பெனியின் பாடகர்கள் ஒருவர் பின் ஒருவராக மேடை ஏறுகிறார்கள். நம் பையனுக்கு 12 வயது. போங்கோ தட்டுகிறான், மவுத் ஆர்கன் ஊதுகிறான், கூட்டம் கூத்தாடுகிறது. பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் வந்து, எல்லோரும் கை தட்டுங்கள் என்கிறார். பையனை மேடையை விட்டு அழைத்துப் போகிறார்கள். அடுத்து மேரி வெல்ஸ் பாட வேண்டும். அவருடைய வாத்தியக்காரர்கள் மேடைக்கு வந்து இடம் பிடிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துப் பையன் திரும்பி வந்துவிட்டான்! வந்தவன் சும்மா நிற்கவில்லை, மவுத் ஆர்கனை வாயில் வைத்துவிட்டான். டிரம் கேட்கிறது, கூட்டம் கத்துகிறது. புதிதாக வந்து நின்ற பேஸ் வாத்தியம் வாசிப்பவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பதறிப்போய்க் கத்துகிறார்: "என்ன கட்டை? என்ன கட்டை?" நம் ஊர்க் கச்சேரியில் பாடகர் சொல்லாமல் சுருதியை மாற்றினால் ஆர்மோனியக்காரர் முழிப்பாரே, அதே முழி. அந்தக் கத்தல் ஒலிப்பதிவில் அப்படியே விழுந்துவிட்டது. நாமாக இருந்தால் வெட்டி எறிந்திருப்போம். கம்பெனி அதை வெட்டாமல் இசைத்தட்டாக்கி வெளியிட்டது. 1963இல் அமெரிக்காவில் முதலிடம். பையனுக்கு வயது 13. இன்றும் காது கொடுத்தால் அந்தப் பாவப்பட்ட மனிதரின் குரல் கேட்கும்.

நான் எதற்கும் சொல்லும் பழமொழி உங்களுக்குத் தெரியும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். இந்த மனிதர் அம்மியை நகர்த்தியவர்.

1968 ஏப்ரல் 4, மெம்பிஸ் நகரில் கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்காம் நாள், ஜான் கோன்யர்ஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கிங்கின் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்க மசோதா கொண்டுவந்தார். நகரவில்லை. திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். 1979இல் கீழவையில் வாக்கெடுப்பு வரை வந்து, வேண்டிய மூன்றில் இரண்டு பங்குக்கு ஐந்து ஓட்டுக் குறைந்து விழுந்தது. ஐந்தே ஓட்டு! அடுத்த ஆண்டு ஸ்டீவி என்ன செய்தார்? கிங்குக்கு ஒரு பிறந்தநாள் பாட்டுப் போட்டார். இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் ஒதுக்க முடியாதா என்று கேட்கும் பாட்டு. கேட்டால் துள்ளாட்டம், உள்ளே மனு. 1981 ஜனவரி 15 அன்று வாஷிங்டன் குளிரில் பேரணி நடத்தினார். 60 லட்சம் கையெழுத்துகள் திரண்டன. 1982இல் அவரும் கிங்கின் மனைவி கொரெட்டாவும் சபாநாயகரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1983 நவம்பர் 2 அன்று, முதலில் தயங்கிய அதிபர் ரீகனே கையெழுத்துப் போட்டார். 1986 ஜனவரியில் முதல் விடுமுறை. எண்ணிப் பாருங்கள், கோன்யர்ஸ் தொடங்கியதிலிருந்து சட்டமாக 15 வருஷம்.

அதிபர் நிக்சனைக் குத்தி அவர் பாடிய பாட்டு 1974 ஆகஸ்டில் வந்தது. அதே மாதம் நிக்சன் ராஜினாமா செய்தார். பாட்டால்தான் போனார் என்று சொன்னால் பேராசிரியை என்னைத் திட்டுவார், வாட்டர்கேட் ஊழல்தான் காரணம். 1985இல் ஆஸ்கார் வாங்கியபோது, சிறையில் இருந்த மண்டேலாவின் பெயரால் ஏற்கிறேன் என்றார். தென்னாப்பிரிக்க வானொலி அவர் பாட்டுகளையே தடை செய்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவோடு ராக் மேடைகளில் சுற்றியது, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை மூன்று முறை வாங்கியது, இதையெல்லாம் பேராசிரியை சொல்லிவிட்டார்.

நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். 1972இல் அவர் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'டாக்கிங் புக்'. பேசும் புத்தகம். பார்வையற்றவர்களுக்காகப் படித்துப் பதிந்த ஒலிநூலுக்கு அமெரிக்காவில் அதுதான் பெயர். அட்டையில், பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெய்ல் புள்ளிகள். 1976இல், அச்சிட்ட பக்கத்தை வாய்விட்டுப் படிக்கும் இயந்திரம் ஒன்றை ரே கர்ஸ்வைல் செய்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், தேடிப்போய் வாங்கிய முதல் ஆள் இவர். பாட்டு, புகழ், காசு எல்லாம் இருந்தும் இந்த மனிதருக்கு ஒரு புத்தகத்தைத் தானாகப் படிக்க வேண்டும் என்ற பசி. என் பேச்சே அந்தப் பசியைப் பற்றித்தான்.

2010இல் ஜெனீவா. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் கூட்டம். பார்வையற்றோருக்கு நூல்களை மாற்றித்தரப் பதிப்புரிமை தடையாக இருக்கிறது, அதை விலக்க ஒப்பந்தம் வேண்டும் என்பது கோரிக்கை. நாடுகள் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தன. ஸ்டீவி போய்ப் பேசினார். செய்யாவிட்டால், நீங்கள் செய்யாததைப் பற்றி ஒரு பாட்டு எழுதிவிடுவேன் என்ற பொருளில் வேடிக்கையாக மிரட்டினார். 2013 ஜூனில் மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் ஒப்பந்தம் நிறைவேறியது. அங்கே போய்ப் பாடியும் விட்டார். அம்மி நகர்ந்தது, ஐயா!

அந்த மராக்கேஷ் ஒப்பந்தத்தை உலகத்திலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு எது? இந்தியா. 2014இல். அதற்கு முன்பே, 2012இல், நம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு நூலை மாற்ற வழி செய்துவிட்டோம். சட்டம் தயார். புத்தகம்?

நம் தமிழாசிரியர் ஐயாவுக்கு ஒரு நாவல் வேண்டும் என்று ஒரு பதிப்பகத்துக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒரு கோப்பு வந்தது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் இல்லை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான் மென்பொருளில் போட்டதும் கதாநாயகி பெயரை ஏதோ லாரி நம்பர் மாதிரி படித்தது. ஐயா சிரித்தார். நான்தான் சிரிக்கவில்லை. இன்னும் பல நூல்கள் வெறும் படமாக வருடி வைத்த பிடிஎஃப். அதில் மென்பொருளுக்குப் படிக்க எழுத்தே கிடையாது.

நூலக அலுவலர் அவர்களே, இந்தக் கட்டிடத்து மாடியில் உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடக்கும் அறை இருக்கிறது. மூன்று மனுக் கொடுத்தேன், நான்காவது இப்போது உங்கள் கையில். ஒரு மைக், ஒரு பழைய கணினி, ஜன்னலுக்குக் கம்பளித் திரை, அவ்வளவுதான். குரல் நாங்கள் தருகிறோம். பாண்டிக்கோயில் தெருக்காரர்களின் பேச்சு வழக்கில் ஒரு சிறுகதை, எங்கள் மருமகள் குரலில் ஒரு சமையல் நூல், எல்லாம் பதியலாம். தட்டச்சுத் தெரிந்த பிள்ளைகள் பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றிப் பிழை பார்த்துத் தரட்டும்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். மூன்றாவது விஷயம், அந்த ஒப்பந்தம்: 21 வயதானதும் கம்பெனியோடு மறுபடி பேரம் பேசி, தன் பாட்டின் உரிமையையும் எப்படிப் பாட வேண்டும் என்ற முடிவையும் தன் கையில் வாங்கிக்கொண்டார். மிச்சத்தைத் தேநீர் நேரத்தில் கேளுங்கள், சொல்கிறேன்.

வாசலில் நீல அட்டை நோட்டு ஒன்று இருக்கிறது. யார் எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் வாசிப்பீர்கள் என்று எழுதிவிட்டுப் போங்கள். முதல் வரியில் என் பெயர், ஞாயிறு காலை ஏழு மணி. பேனா நூலில் கட்டியிருக்கிறது. போன கூட்டத்தில் காணாமல் போனது, அதனால்.