தண்ணியில பீனால்: நிறம் காட்டுறதும் காட்டாததும்

[திரையில்: ரெண்டு பிரிபுனல் (கலக்காத திரவங்களைப் பிரிக்கிற, அடியில குழாய் வச்ச கண்ணாடிக் கலம்). ஒண்ணுல அடியில வெளிர்மஞ்சள், இன்னொண்ணுல ஆரஞ்சு.]

குடிதண்ணியில பீனால் வகைச் சேர்மங்களோட ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்னு குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்லுது. குளோரின் பட்டா இது குளோரோபீனால் ஆகி, மருந்து வாடை அடிக்கும். இவ்வளவு சின்ன அளவை நிறத்தை வச்சே பிடிக்கலாம்: 4-அமினோஆன்டிபைரின் முறை. இந்த வேதிப்பொருள் பீனாலோட சேர்ந்தா ஆரஞ்சு நிறம் தரும்.

சாம்பிளைக் கண்ணாடி பாட்டில்ல எடுங்க. பேக்லைட் மூடி வேண்டாம். அதுவே பீனால்ல செஞ்ச பிசின்! தண்ணியில குளோரின் மிச்சம் இருந்தா, எடுத்த இடத்துலயே ஃபெரஸ் சல்பேட் போட்டுடுங்க. லேபுக்கு வர்ற வரைக்கும் விட்டா குளோரின் பீனாலைத் தின்னுடும். அப்புறம் சல்ஃபூரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழ இறக்கி, 4 டிகிரியில வைங்க.

[திரையில்: காய்ச்சி வடிக்கிற குடுவை, ஆவியைக் குளிர்விக்கிற கண்டென்ஸர்.]

500 மில்லியை பாஸ்பாரிக் அமிலத்தால பி.எச். 4-க்குக் கொண்டுவந்து காய்ச்சி வடிங்க. அவசரப்பட்டா கெடுற இடம் இதுதான். பீனால் மெதுவாத்தான் ஆவியோட வரும். 450 மில்லி சேர்ந்ததும் நிறுத்தி, கொதி அடங்கினதும் குடுவையில 50 மில்லி வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி, மொத்தம் 500 ஆகுற வரை வடிங்க. 450-லயே விட்டா அளவு குறைச்சலாக் காட்டும்.

வடிச்சதுல 0.5 நார்மல் அம்மோனியம் ஹைட்ராக்சைடு 12 மில்லி. பாஸ்பேட் பஃபரால பி.எச். 7.9, கூடக் குறைய 0.1 தான் அனுமதி. 2 சதவீத அமினோஆன்டிபைரின் 3 மில்லி விட்டு நல்லாக் கலக்குங்க. அதுக்கப்புறம்தான் 8 சதவீத பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 3 மில்லி. அமினோஆன்டிபைரின் கரைசலை அன்னன்னைக்கே கரைங்க. பழசானா பிளாங்க்கிலேயே (பீனால் இல்லாத வெறும் தண்ணியிலேயே) நிறம் ஏறும்.

மூணு நிமிஷம் கழிச்சு, பிரிபுனல்ல வச்சு, நிறத்தைப் பிரிச்செடுக்க 25 மில்லி குளோரோஃபார்ம். ஃப்யூம் ஹூட்ல வச்சு, குலுக்கும்போது அடிக்கடி குழாயைத் திறந்து வாயுவை விடுங்க. அடியில இறங்குற குளோரோஃபார்மை நீரற்ற சோடியம் சல்பேட் வழியா வடிகட்டி, 460 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுதுன்னு அளங்க. ஒரு துளி தண்ணி மிஞ்சினாலும் கலங்கி, இல்லாத பீனால் இருக்கிற மாதிரி தெரியும். ஸ்டாண்டர்டும் (பீனால் அளவு தெரிஞ்ச கரைசல்) பிளாங்க்கும் இதே வழியில வரணும்.

இனி, இந்த நிறம் காட்டாதது. பீனால் வகையிலேயே, பாரா இடத்துல (வளையத்துல OH-க்கு நேர் எதிர்ல) மெத்தில் இருக்கிற பாரா-கிரெசால் நிறமே தராது. அதனால ரிப்போர்ட்ல 'பீனாலாகக் கணக்கிட்டது'ன்னு எழுதுங்க. நிலக்கரித் தார் கலந்த கழிவுநீர்ல கிரெசால் தாராளமா இருக்கும்; அங்க எண் குறைவா வந்தாலும் நம்பாம, சேர்மங்களைத் தனித்தனியாப் பிரிச்சு அளக்கிற கேஸ் குரோமட்டோகிராஃபுக்கு அனுப்புங்க.